உங்கள் வீட்டில், நாலு மணிக்கு

சான் கயெத்தானோ, புவேப்லா
9 மார்ச் 1997

அன்பு மகள் அரசேலிக்கு,

அப்பா எழுதுவது. இந்தத் தாள் உன் கைக்கு வரும்போது நீ சளி, காய்ச்சல் எதுவுமில்லாமல் இருக்க வேண்டும். அம்மாவும் நானும் சுகம். என் முழங்கால் மட்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்கிறது. வானொலியைவிடச் சரியாகச் சொல்கிறது.

மருந்துக்கடைத் தொலைபேசியில் பேசலாம்தான். ஆனால் அங்கே நான் 'ஹலோ' என்றால் தெருவே 'ஹலோ' என்கிறது. அதனால்தான் கடிதம். பிழைகளைப் பொறுத்துக்கொள். எட்டாம் வகுப்பை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அது என்னைச் சரியாகப் பார்த்ததில்லை.

எங்கள் பஸ் இருக்கைத் தொழிற்சாலையை ஜெர்மன்காரர்கள் வாங்கிவிட்டார்கள். எங்கள் லைனுக்கு ஹார்ம்ஸ் என்று ஓர் எஞ்சினியர் வந்திருக்கிறார். ஏணி மாதிரி உயரம். நம் ஸ்பானிய மொழியைப் புத்தகத்தில் படித்தவர். சுத்தமாகப் பேசுகிறார். வம்பே அதுதான். நாம் பேசுவது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

போன வாரம் நடந்ததைக் கேள். போல்ட்டுகள் தப்பான அளவில் வந்திருந்தன. மாட்டினால் இருக்கை நிற்காது. நான் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எஞ்சினியரிடம் போனேன்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் எஞ்சினியர். ஒரு சின்ன விஷயம் இருக்கு."

"சின்னதா?"

"சின்னதுதாங்க."

"அப்ப வெள்ளிக்கிழமை கூட்டத்துல பேசலாம்."

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பஸ்ஸுக்கான இருக்கைகள் அத்தனையும் ஊஞ்சலாகிவிட்டன. லைனை நிறுத்தினார்கள். எஞ்சினியரின் காது மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது.

"நபோர், ஏன் சொல்லல?"

"சொன்னேனுங்களே."

"சின்ன விஷயம்னுல்ல சொன்ன!"

"பெரிய விஷயமா இருந்ததாலதாங்க அப்படிச் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பின்னால் நின்ற, எங்கள் லைனில் வேலை செய்யும் தாச்சோ சிரிப்பை விழுங்கப் போய் விக்கிக்கொண்டான். நீயே சொல் கண்ணு, நல்ல தாய்க்குப் பிறந்த எவனாவது மேலதிகாரியின் முகத்துக்கு நேரே 'பெரிய விஷயம்' என்பானா?

மழைக்காலத்துக்குள் லைனுக்கு ஒரு சூப்பர்வைசரைப் போடப்போகிறார்களாம். என் பெயரும் அடிபட்டது. அடிபட்டது என்பதை இப்போது நேர் அர்த்தத்திலேயே எடுத்துக்கொள்.

நீ போய் இரண்டு கிறிஸ்துமஸ் கழிந்துவிட்டது. இந்த வருஷமாவது வருவாயா? அதற்கு மட்டும் ஒரு வரி எழுது. இது உன் வீடு.

அம்மா முத்தம் கொடுக்கச் சொன்னாள். தாளில் எப்படிக் கொடுப்பது என்று தெரியாததால் எழுதியே விட்டேன்.

உன் அப்பா
நபோர்


குவீன்ஸ், நியூயார்க்
6 ஏப்ரல் 1997

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் இருவருக்காகவும் குவாதலூபே மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். முழங்காலுக்குத் தனியாக ஒன்று. நான் சுகமாக இருக்கிறேன்.

எஞ்சினியரை நினைத்துத் தையல் கடையில் தனியாகச் சிரித்தேன். 'சின்ன விஷயம்' என்று காதில் விழுந்தால் ஓட வேண்டும் என்று பாவம் அவருக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? என் கதையும் அப்படித்தான். எங்கள் முதலாளி கொரியாக்காரம்மா, பெயர் பெக். அவருக்கு நம் மொழியில் இருபது வார்த்தை தெரியும். அதில் மூன்றைத் தினமும் காலையில் என் மேல் செலவழிக்கிறார்: "அரசேலி, நீ சாப்பிட்டியா?" முதல் நாள் உண்மையைச் சொல்வோம் என்று "இல்லை" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. மறுநாளிலிருந்து எனக்கு ஒரு டப்பா சோறு வருகிறது. பட்டினி கிடப்பவள் மாதிரித் தெரிகிறேனோ என்று வெட்கமாக இருந்தது. பிறகு பார்த்தால் தபால்காரரிடமும் அதையே கேட்கிறார், வாடகை கேட்டு வந்து சத்தம் போடுகிறவரிடமும் கேட்கிறார். சோறு எனக்கு மட்டும்தான். என்னதான் கேட்கிறார் என்று இன்னும் விளங்கவில்லை.

இஸ்திரி மேசையில் நீராவி வாசனை வயிற்றைப் புரட்டியது. அதனால் உட்கார்ந்து பொத்தான் தைக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார். காலையில் கொஞ்சம் சிரமம், மற்றபடி ஒன்றுமில்லை. சோளக் கஞ்சிக்கு இலவங்கப்பட்டையை எப்போது போடுவது என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அது ஒன்றுதான் வயிற்றில் தங்கும் போலிருக்கிறது.

உங்கள் கைகளுக்கு முத்தத்துடன்,
அரசேலி


சான் கயெத்தானோ
26 மே 1997

அன்பு மகளுக்கு,

உன் வயிறு இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் நலம். பட்டையைத் தண்ணீரில் முதலிலேயே கொதிக்கவிட்டு, அப்புறம்தான் மாவைக் கரைக்க வேண்டுமாம். இதைச் சொல்லிவிட்டு அம்மா உன் கடிதத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை. என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கிறிஸ்துமஸ் பற்றி எழுத மறந்துவிட்டாய்.

எஞ்சினியரின் மனசைத் திருப்ப எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எனக்கு யோசனை தோன்றுவது வருஷத்துக்கு ஒரு தடவை. அன்றைக்கெல்லாம் நான் படுத்துத் தூங்கிவிடுவது நல்லது. மனுஷர் புவேப்லா நகரத்தில் தனியாக இருக்கிறார். நம் வீட்டில் ஒரு வேளை அம்மா கையால் வான்கோழி மோலேக் குழம்பு சாப்பிட்டால் போல்ட்டையெல்லாம் மறந்துவிட மாட்டாரா? போய்க் கூப்பிட்டேன்.

"எஞ்சினியர், சனிக்கிழமை நாலு மணிக்கு உங்க வீட்ல மோலே. நாங்க எல்லாரும் இருப்போம்."

அவர் கண் விரிந்தது. "என் வீட்லயா?"

"ஆமாங்க, உங்க வீட்லதான்."

"மோலே யார் செய்வா?"

"என் சம்சாரம்தாங்க. வேற யாரு?"

"எத்தன பேர்?"

"அத எதுக்குங்க எண்ணிக்கிட்டு? ஏழு பேர், எட்டுப் பேர்."

சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அம்மா இரண்டு நாள் மிளகாய் வறுத்தாள், தெருவே தும்மியது. பெரிய வான்கோழியைப் பிடித்து அறுத்தோம். அபுந்தியோ மாமா அக்கார்டியனைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். நாலு மணிக்கு எல்லோரும் தலைவாரிக்கொண்டு நம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். ஐந்துக்கும் அப்படியே. ஏழுக்கு மாமா ஒரு சோகப் பாட்டு வாசித்தார். எஞ்சினியர் வரவேயில்லை.

இனிமேல்தான் விஷயமே. திங்கட்கிழமை அவர் நேரே என்னிடம் வந்தார்.

"நபோர், சனிக்கிழமை ஏன் வரல?"

வராதவர் அவர். கேட்பதும் அவர். ஜெர்மனியில் இதுதான் நகைச்சுவையோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பதாகத் தெரியவில்லை. 'வராதது நீங்கதானே' என்று மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வது?

"மன்னிச்சுக்கங்க எஞ்சினியர். என் தப்புதான்."

"ஆமா, உன் தப்புதான்," என்றார்.

நாம் மன்னிப்புக் கேட்டால் எதிராளி 'அட விடுங்க' என்று சொல்ல வேண்டாமா? இவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்! ஒன்றும் புரியவில்லை, கண்ணு. உனக்குப் புரிந்தால் எழுது.

குழம்பு மீதியை நாலு நாள் தின்ற
உன் அப்பா நபோர்


குவீன்ஸ்
22 ஜூன் 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

வயிறு சரியாகிவிட்டது. இப்போது அதற்கு நேரெதிர், எந்நேரமும் பசி. பெக் அம்மா டப்பாவைப் பெரிதாக்கிவிட்டார். நீங்களும் அம்மாவும் சுகம்தானே?

எஞ்சினியர் ஏன் அப்படிக் கேட்டார் என்று நானும் யோசிக்கிறேன். அந்நியர் மொழியில் வாழ்கிறவர்கள் வார்த்தையை அப்படியே நம்பிவிடுவார்கள், அப்பா. நானும் இங்கே அப்படித்தான் நம்பினேன். நம்பக் கூடாதவர் வார்த்தையையும் நம்பினேன். அது போகட்டும்.

நடு அறையில் என் கட்டில் இன்னும் இருக்கிறதா?

அப்பா, ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அரசேலி


சான் கயெத்தானோ
20 ஜூலை 1997

அன்பு மகளுக்கு,

நன்றாகப் பசிப்பது நல்ல உடம்புக்கு அடையாளம். இங்கும் சுகமே. உன் கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் மேல் பீன்ஸ் மூட்டை அடுக்கியிருக்கிறேன், தரையில் வைத்தால் ஈரம் ஏறுகிறது. நீ வந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஏதோ சின்ன விஷயம் என்று எழுதியிருந்தாயே, சின்னதுதானே, மெதுவாக எழுது.

என் விஷயம்தான் பெரிதாகிவிட்டது. மனசு கேட்காமல் எஞ்சினியரை மறுபடியும் கூப்பிட்டேன். "இந்தத் தடவ தவறவே தவறாது. சனிக்கிழமை நாலு மணி, உங்க வீட்லதான்," என்று அழுத்திச் சொன்னேன். "நிச்சயமா?" என்றார். "சத்தியமா," என்றேன். மறுபடி வான்கோழி, மறுபடி மாமா, மறுபடி அந்தச் சோகப் பாட்டு. ஆள் வரவில்லை.

திங்கட்கிழமை அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "நபோர் நல்லா வேல செய்றான். ஆனா சொன்ன சொல்லுல நிக்கமாட்டான்." தாச்சோவைச் சூப்பர்வைசராகப் போட்டுவிட்டார்கள். தாச்சோ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்படி என்னய்யா செஞ்ச அந்த மனுஷன?" என்றான். "வான்கோழி ரெண்ட அறுத்தேன், வேற ஒண்ணும் செய்யல," என்றேன். சிரித்தோம். வீட்டுக்கு வரும் வழியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவும் என்னமோ மாதிரி இருக்கிறாள். மஞ்சள் நூல் வாங்கி ஏதோ பின்னுகிறாள். எனக்குக் காலுறையாக இருக்கும். என் பெருவிரல்கூட நுழையாது போலிருக்கிறது. "லூச்சா, கணக்கு தப்பிருச்சு," என்றேன். "உனக்குத்தான் தப்பிருச்சு," என்றாள். இந்த வீட்டிலும் எனக்கு மொழி புரியவில்லை.

உன் வீட்டில் எல்லோரும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். அம்மாவுக்கு உன் படம் ஒன்று வேண்டுமாம்.

நபோர்


குவீன்ஸ்
17 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

சூப்பர்வைசர் வேலை கைவிட்டுப் போனது எனக்கும் வருத்தம்தான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே வெயில் தாங்கவில்லை, கால் வீங்குகிறது. அம்மா கேட்டதால் கடிதத்தோடு படம் வைத்திருக்கிறேன். படத்தில் முகம் மட்டும்தான் விழுந்திருக்கிறது.

பெரியம்மா மகள் நீவெஸ் எப்படி இருக்கிறாள்? பையன் பேசுகிறானா? அவளை இப்போதாவது யாராவது வீட்டுக்குக் கூப்பிடுகிறார்களா?

பீன்ஸ் மூட்டை அங்கேயே இருக்கட்டும்.

அரசேலி


சான் கயெத்தானோ
21 செப்டம்பர் 1997

அன்பு மகளுக்கு,

சுகமா? நாங்கள் சுகம். போன கடிதத்தில் நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? பீன்ஸ் மூட்டை அங்கேயே இருக்கட்டும் என்று நீ எழுதிய இடத்தில் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். எல்லாம் முன்பே கழுவிய பாத்திரம்.

நீவெஸ் இருக்கிறாள். சந்தையில் பார்த்தேன், வணக்கம் சொன்னேன்.

எஞ்சினியர் என்னிடம் போல்ட்டு சம்பந்தமாக மட்டும் பேசுகிறார். நான் 'சரிங்க எஞ்சினியர்' என்கிறேன். முன்பெல்லாம் அதைக் கேட்டால் அவர் முகம் மலரும். இப்போது ஒரு நொடி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், பல்லுக்குள் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி.

கிறிஸ்துமஸ் பற்றி நீ இன்னும் எழுதவில்லை. இது உன் வீடு என்று உனக்கே தெரியும்.

நபோர்


குவீன்ஸ்
12 அக்டோபர் 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

நீண்ட நாள் எழுதாமல் இருந்துவிட்டேன். கோணல்மாணலாக இருக்கும், மன்னியுங்கள். ஒரு கையால்தான் எழுத முடிகிறது. பயப்படாதீர்கள், கைக்கு ஒன்றுமில்லை. பெக் அம்மா தினமும் கடற்பாசி சூப் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை நகர மறுக்கிறார். அவர் ஊரில் இந்த மாதிரி நேரத்தில் இதைத்தான் கொடுப்பார்களாம். "சாப்பிட்டியா?" என்று இப்போதும் கேட்கிறார். அவர் கேட்பது சாப்பாட்டைப் பற்றி இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

படுத்துக்கொண்டே உங்கள் எஞ்சினியரை யோசித்தேன். அப்பா, அவரிடம் 'உங்க வீட்ல' என்றா சொன்னீர்கள்? அப்படியானால் அவர் தன் வீட்டிலேயே உங்களுக்காகக் காத்திருந்திருப்பார். நம் வீட்டைத்தான் மரியாதைக்கு அவர் வீடு என்று சொன்னீர்கள் என்பது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? போய்க் கேளுங்கள்.

இன்னொன்று. நீவெஸ் கல்யாணமாகாமல் பெற்ற கைக்குழந்தையோடு வந்து நம் வாசலில் நின்றபோது நீங்கள் அவளிடமும் "வாம்மா, இது உன் வீடு" என்றீர்கள். மரியாதையாகத்தான் சொன்னீர்கள். ஆனால் யாரும் ஒரு நாற்காலி எடுத்துப்போடவில்லை. நானும்தான் போடவில்லை. காபியை நின்றபடியே குடித்துவிட்டுப் போனாள்.

எனக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் அதையே எழுதுகிறீர்கள். எனக்கு எழுதுவது எந்த மாதிரி, அப்பா?

அரசேலி


சான் கயெத்தானோ
9 நவம்பர் 1997

அன்பு மகளுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் எஞ்சினியரிடம் போனேன். தொப்பியைக் கழற்றவில்லை. கழற்றினால் பழக்கத்தில் மன்னிப்புக் கேட்டுவிடுவேன்.

"எஞ்சினியர், அந்தச் சனிக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?"

"என் வீட்ல. நீ சொன்ன எடத்துல."

"நான் சொன்னது உங்க வீடுங்க."

"அதான். உங்க வீடுன்னா என் வீடு."

"இல்லைங்க. உங்க வீடுன்னா என் வீடு."

"என் வீடு உன் வீடா?"

"உங்க வீடு உங்க வீடுதாங்க. நான் சொன்ன உங்க வீடுதான் என் வீடு."

அவர் அங்கே கிடந்த பஸ் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, சரியான போல்ட்டு போட்ட இருக்கை.

"கேக் செஞ்சேன் நபோர். ரெண்டு தடவையும். பக்கத்து வீட்ல நாற்காலி இரவல் வாங்கிப் போட்டேன். ஜன்னல்கிட்டயே நின்னேன். அப்புறம் நீ வந்து உன் தப்புன்னு ஒத்துக்கிட்ட. 'நான் வீட்லதான் இருந்தேன்'னு ஏன் சொல்லல?"

"உங்ககிட்டப் போய் 'இல்ல'ன்னு எப்படிங்க..."

"இனிமே தினமும் ஒரு தடவ எனக்கு 'இல்ல'ன்னு சொல்லு."

"சரிங்க எஞ்சினியர்."

"நபோர்!"

"இல்லைங்க எஞ்சினியர்."

விலாசம் எழுதித் தரச் சொன்னார். 'தங்கள் வீடு, இதால்கோ தெரு, பன்னிரண்டு' என்று எழுதினேன். கை சும்மா இருக்காதே! அவர் 'தங்கள்' என்பதை அடித்து மேலே 'நபோர்' என்று எழுதிக்கொண்டார்.

நேற்று வந்தார். நாலு மணி அடிக்கும்போது கதவைத் தட்டினார், கையில் கேக். மோலேயைத் தின்று கண்ணீர் விட்டார். "காரம். ரொம்பக் காரம். இன்னும் கொஞ்சம் போடுங்க," என்றார். அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அப்போது அவர் கண் அம்மாவின் கூடைமேல் போனது. மஞ்சள் நூல்.

"யாருக்குக் குழந்த பொறந்திருக்கு?" என்றார். நேரே. முகத்துக்கு முன்னால்.

"குழந்தையா? அது எனக்குக் காலுறைங்க எஞ்சினியர். கணக்கு தப்பிருச்சு," என்றேன். அபுந்தியோ மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எஞ்சினியர் அந்தக் காலுறையை எடுத்துத் தன் இரண்டு விரலில் மாட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது.

"இல்ல நபோர். இது குழந்தைக்கு."

எல்லோரும் போன பிறகு அம்மா பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து உன் கடிதங்களை என் முன்னால் கொட்டினாள்.

"படி."

"படிச்சதுதானே லூச்சா."

"நீ எங்க படிச்ச? எனக்கு வாசிச்சுக் காட்டுன. இப்ப அந்த எஞ்சினியர் மாதிரி படி."

"உனக்குத் தெரிஞ்சிருந்தா ஏன் சொல்லல?"

"அவ உங்கிட்டத்தான கேக்குறா."

படித்தேன். நீராவி, சோளக் கஞ்சி, முகம் மட்டும் விழுந்த படம், ஒரு கை. 'ஒரு சின்ன விஷயம் இருக்கிறது' என்ற இடத்துக்கு வந்ததும் அதற்கு மேல் கண் ஓடவில்லை. லைன் நின்றபோது அந்தப் பெரிய மனுஷரைப் பார்த்து மனசுக்குள் சிரித்தவன் நான், அரசேலி. உனக்கு எழுதினேனே, சின்னதுதானே, மெதுவாக எழுது என்று.

இதற்கு மேல் இன்று எழுத வரவில்லை.

நபோர்


10 நவம்பர் 1997

அரசேலி,

எஞ்சினியர் மாதிரி எழுதுகிறேன்.

இடம்: என் வீடு. நபோருடையது. இதால்கோ தெரு, பன்னிரண்டு, பச்சைக் கதவு.

நாள்: டிசம்பர் 20, சனிக்கிழமை, நாலு மணி. பஸ் தாமதமானால் தாமதமாக வா. நாங்கள் எங்கும் போகமாட்டோம்.

யார்: நீயும், உன்னோடு இருப்பவர்களும்.

கட்டில்: மூட்டைகளை நேற்று ராத்திரியே இறக்கிவிட்டேன். முழங்கால் வலிக்கிறது. வலிக்கட்டும்.

நாற்காலி: உனக்கு ஒன்று, அந்தச் சின்ன விஷயத்துக்கு ஒன்று. நீவெஸிடம் இன்று காலையில் போனேன். அவளும் பையனும் அன்றைக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் போட்டாயிற்று.

இதில் எதுவும் மரியாதைக்காகச் சொன்னது இல்லை.

வருவாயா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுது. 'பார்க்கலாம்' என்று எழுதாதே. 'பார்க்கலாம்' என்றால் என்ன என்று நம் ஊரில் பிறந்த எனக்குத் தெரியும்.

அப்பா


குவீன்ஸ்
30 நவம்பர் 1997

அப்பா,

ஆமாம்.

இரண்டு பேர் வருகிறோம். மூன்றாவது ஆள் கிடையாது. அந்தக் கதையை அம்மாவிடம் நேரில் சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ளுங்கள். பெக் அம்மா வழிக்குச் சோறு கட்டித் தருகிறாராம். அழுதுகொண்டே "சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்கிறார். நானும் அழுதுகொண்டே "சாப்பிட்டேன்" என்கிறேன்.

மஞ்சள் நூல் மீதியிருந்தால் ஒரு தொப்பியும் பின்னச் சொல்லுங்கள்.

நாற்காலி மட்டும் ஒன்று போதும், அப்பா. அவளுக்கு இன்னும் உட்காரத் தெரியாது.

அரசேலி